ஆஸ்ட்ரோடோம்: செத்துப்போன புல்லும் பச்சைக் கார்பெட்டும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பேஸ்பால் பக்கமே போகாத நண்பர்கள் ஒரு மாதிரி கேட்பார்கள், ஆட்டம் தெரிந்தவர்கள் மடக்கி மடக்கிக் கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். தரையைப் பற்றித்தான் இதில் அதிகம் இருக்கும். அந்தக் கூரையைப் புகழ்ந்தவர்கள் ஏராளம், ஆனால் ஆட்டத்தை மாற்றியது தரைதான், பழைய ரசிகர்கள் இன்றைக்கும் வாக்குவாதம் பண்ணுவதும் தரையை வைத்துத்தான்.

ஆஸ்ட்ரோடோம்னா என்ன? எங்க இருக்கு?

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் இருக்கிறது. முழுக்கக் கூரை போட்டு, உள்ளே ஏசி வைத்து, பேஸ்பால் ஆடுவதற்காகக் கட்டப்பட்ட உலகின் முதல் பெரிய அரங்கம். 1965 ஏப்ரலில் திறந்தார்கள். அந்த ஊர் இருக்கும் ஹாரிஸ் கவுன்டி என்ற மாவட்டத்துக்குச் சொந்தமான கட்டடம், ஆனால் அதைக் கனவு கண்டு கட்டவைத்தவர் ராய் ஹாஃப்ஹைன்ஸ். ஹூஸ்டனின் முன்னாள் மேயர், அதற்கு முன் கவுன்டி ஜட்ஜ் பதவியில் இருந்தவர், அதனால் கடைசி வரை எல்லோருக்கும் அவர் 'ஜட்ஜ்'தான். இதை உலகின் எட்டாவது அதிசயம் என்று விளம்பரம் செய்தார்கள்.

கூரையின் உச்சி ஆடுகளத்திலிருந்து 208 அடி உயரம். ஆடுகளமோ தெரு மட்டத்தைவிட சுமார் 25 அடி கீழே. அதனால் வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும், உள்ளே நுழைந்த பிறகுதான் அதன் முழு ஆழமும் உயரமும் புரியும்.

பேஸ்பால் வெயில்ல ஆடுற ஆட்டம்தானே, எதுக்கு கூரை?

ஹூஸ்டன் கோடையைப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். நம் கடற்கரை ஊர்ப் புழுக்கம் போலத்தான் இருக்கும், சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். 1962 முதல் 1964 வரை ஹூஸ்டன் அணி கோல்ட் ஸ்டேடியம் என்ற தற்காலிகத் திறந்தவெளி அரங்கத்தில் ஆடியது. அந்த இடத்தைப் பற்றி ரசிகர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஆட்டமே இல்லை, கொசுதான். அப்போது அணியின் பெயர் கோல்ட் .45ஸ். புது அரங்கத்துக்குப் போகும்போது, நாசாவின் விண்வெளி மையம் ஊரில் வந்துவிட்ட பெருமையில், ஆஸ்ட்ரோஸ் என்று மாற்றிக்கொண்டார்கள்.

1965-ல் அந்த அணி 97 ஆட்டங்களில் தோற்றது. இருந்தும் அந்த வருஷம் 21 லட்சத்துக்கும் மேல் கூட்டம் வந்தது. ஜனங்கள் முதலில் வந்தது கட்டடத்தைப் பார்க்கத்தான்.

திறந்த நாள்லேர்ந்தே பிளாஸ்டிக் புல்தானே?

இல்லை. பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். முதல் வருஷம் முழுக்க நிஜப் புல். டிஃப்வே 419 என்ற பெர்முடா புல் ரகம், குறைந்த வெளிச்சத்தில் எது தாக்குப்பிடிக்கும் என்று டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர்களை வைத்துச் சோதித்துத் தேர்ந்தெடுத்தது. அந்தப் புல்லுக்காகத்தான் கூரையில் 4,596 ஒளி ஊடுருவும் பலகைகளைப் பதித்தார்கள், லூசைட் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை.

1965 ஏப்ரல் 9-ம் தேதி நியூயார்க் யாங்கீஸுடன் நடந்த, லீக் கணக்கில் சேராத காட்சி ஆட்டத்தை ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வந்து பார்த்தார். மிக்கி மேன்டில் அந்த அரங்கத்தின் முதல் ஹோம் ரன்னை (பந்தைச் சுவருக்கு அப்பால் அடிப்பது, கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார், ஆனால் ஆஸ்ட்ரோஸ் 12 இன்னிங்ஸில் (வழக்கமாக ஒன்பதுதான்) 2-1 என்று ஜெயித்தது. அன்றைக்கு அவர்கள் காலடியில் இருந்தது உயிருள்ள புல்.

அப்புறம் அந்தப் புல் ஏன் செத்துச்சு?

முதலில் அடிவாங்கியது புல் இல்லை, ஃபீல்டர்களின் கண்கள். பகல் ஆட்டங்களில் சூரிய வெளிச்சம் அந்தப் பலகைகளில் பட்டுச் சிதறிக் கூரை முழுவதும் பளபளவென்று கண்ணைக் கூசவைத்தது, அதன் குறுக்கே இரும்புச் சட்டங்கள் கட்டம் கட்டமாக ஓடின. உயர அடித்த வெள்ளைப் பந்து அந்தப் பின்னணியில் போய் மறைந்துவிடும். அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில், நிற்பவர் பந்து எங்கே என்று தெரியாமல் கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நிற்பார். கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள், பந்தின் நிறத்தை மாற்றியும் சோதித்தார்கள், எதுவும் சரிப்படவில்லை.

கடைசியில் பலகைகளுக்கு வெளிப்புறம் வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். கூச்சம் போனது, கூடவே வெளிச்சமும் போனது. வெளிச்சம் இல்லாத இடத்தில் புல் என்ன செய்யும், மெல்ல மெல்லப் பழுப்பாகிச் செத்தது.

பெயிண்ட் அடிக்காம விட்டிருந்தா பிழைச்சிருக்குமில்ல?

கொஞ்ச நாள் தாங்கியிருக்கும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் பகலில் ஆட்டமே ஆட முடியாது. இரவு ஆட்டங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, பெயிண்டும் தேவையில்லை, ஆனால் ஒரு பேஸ்பால் அணி வருஷம் முழுவதும் இரவில் மட்டுமே ஆடிக் காலம் தள்ள முடியாது. புல்லுக்கு வேண்டிய வெளிச்சமும் ஃபீல்டருக்கு வேண்டிய வெளிச்சமும் ஒன்றுக்கொன்று எதிராக நின்றன. அதில் ஃபீல்டர் பக்கம் நின்றார்கள், அது சரியான முடிவுதான்.

செத்த புல்லுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சாங்கன்னு கதை விடுறாங்களே, நிஜமா?

நிஜம்தான். 1965 சீசனின் பின்பகுதியை, செத்த புல்லுக்கும் வெறும் மண்ணுக்கும் பச்சைச் சாயம் அடித்து ஒப்பேற்றினார்கள். தொலைவில் மேல் அடுக்கில் இருப்பவர்களுக்குப் பச்சையாகத்தான் தெரிந்திருக்கும், கிட்டே போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். உலகத்தின் எட்டாவது அதிசயம் என்று பெயர் வாங்கிய இடத்தில் காய்ந்த தரைக்கு வண்ணம் பூசி ஆடினார்கள் என்பது அந்த நாளைய ரசிகர்கள் விடாமல் சொல்லும் கதை.

ஆஸ்ட்ரோ டர்ஃபை கண்டுபிடிச்சதே ஆஸ்ட்ரோஸ் டீம்காரங்கதானே?

இல்லை, பெயர் மட்டும்தான் அவர்களால் வந்தது. மொன்சான்டோ கம்பெனியில் ஜேம்ஸ் ஃபாரியா, ராபர்ட் ரைட் என்ற இருவர் உருவாக்கிய நைலான் விரிப்பு அது, அப்போது அதன் பெயர் கெம்கிராஸ். நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடியாட மண்தரை இல்லையே, அதற்கு மாற்றாக ஏதாவது செய்ய முடியுமா என்ற யோசனையில் ஃபோர்டு அறக்கட்டளை காட்டிய அக்கறையிலிருந்து தொடங்கியது இந்த வேலை. முதலில் பெரிய அளவில் விரித்தது 1964-ல், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் ஊரில், மோசஸ் பிரவுன் பள்ளியில்.

ஹூஸ்டனில் புல் செத்த பிறகு ஹாஃப்ஹைன்ஸ் ஆட்கள் மொன்சான்டோவிடம் போனார்கள். ஆஸ்ட்ரோடோமில் விரித்த பிறகு ஆஸ்ட்ரோ டர்ஃப் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் விரித்தபோது அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு பெரிய லீக் அணி அதன் மேல் ஆடிய பிறகுதான் ஊர் ஊராகக் கேட்டு வாங்கினார்கள்.

ஒரே நாள்ல முழு மைதானமும் மாத்திட்டாங்களா?

1966 சீசன் தொடங்கும்போது கம்பெனியிடம் போதுமான விரிப்பு இல்லை. கிடைத்ததை இன்ஃபீல்டில், அதாவது ஓட்டக்காரர்கள் தொட்டு ஓடும் நான்கு பேஸ்கள் இருக்கும் உள்பகுதியில், மட்டும் விரித்தார்கள், ஓட்டக்காரர்கள் ஓடும் பாதை பழையபடி மண்தான். ஏப்ரல் 18-ம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுடன் முதல் லீக் ஆட்டம் அதன் மேல் நடந்தது. அவுட்ஃபீல்டு அப்போதும் மேலே சொன்ன சாயம் பூசிய தரைதான்! ஜூலையில் மிச்ச விரிப்பு வந்து, ஜூலை 19 ஃபிலடெல்ஃபியா ஃபில்லிஸ் அணியுடனான ஆட்டத்தின்போது அவுட்ஃபீல்டும் பச்சைக் கார்பெட் ஆகியிருந்தது.

அண்ணா, எழும்பூர் ஹாக்கி ஸ்டேடியத்துல போட்டிருக்கிறதும் இதுதானா?

குடும்பம் ஒன்று, ஆனால் அதே விரிப்பு இல்லை. நம்மூரில் எழும்பூரானாலும் கோவில்பட்டியானாலும் ஹாக்கித் தரையை ஆஸ்ட்ரோ டர்ஃப் என்றுதான் சொல்கிறோம், அந்தப் பெயர் கிளம்பிய இடம் ஹூஸ்டனின் இந்தக் கட்டடம். ஹாக்கி விரிப்புக்குத் தண்ணீர் தெளித்துப் பந்தை வழுக்கவிடுவார்கள், பேஸ்பாலில் அந்த வழக்கம் கிடையாது.

ஆஸ்ட்ரோடோமில் புல் செத்து சுமார் பத்து வருஷம் ஆனபோது, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதல்முறையாகச் செயற்கைத் தரையில் நடந்தது, புல்லில் ராஜாவாக இருந்த இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. தரை மாறினால் ஆட்டமே மாறிவிடும் என்பது நமக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். அதனால்தான் பேஸ்பால் ரசிகர்கள் ஏன் ஒரு கார்பெட்டை வைத்து இவ்வளவு பேசுகிறார்கள் என்று ஹாக்கி பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை.

விண்வெளி டிரஸ் போட்டுக்கிட்டு வேக்குவம் க்ளீனர்ல மைதானத்தைச் சுத்தம் பண்ணுவாங்களாமே?

ஆமாம். மைதானப் பணியாளர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் விண்வெளி வீரர் மாதிரி உடுப்பு, தலையில் ஹெல்மெட், அவர்களுக்கு 'எர்த்மென்' என்று பெயர். ஆட்டத்தின் நடுவே வந்து வேக்குவம் க்ளீனரால் தரையைச் சுத்தம் செய்வார்கள். அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்களைக் கேட்டால் ஸ்கோரை மறந்திருப்பார்கள், இதை மறந்திருக்க மாட்டார்கள். ஹாஃப்ஹைன்ஸுக்கு எதை எப்படிக் காட்சியாக்குவது என்று தெரியும், கட்டடத்தில் வேலை செய்தவர்கள் எல்லோருக்குமே ஏதாவது ஒரு வேஷம் இருந்தது.

விரிப்பு பெரிய பெரிய துண்டுகளாக வரும், துண்டுகளை ஜிப் வைத்து இணைப்பார்கள், நம் பையில் இருக்கிற அதே ஜிப்தான், பெரிய அளவில். வேறு நிகழ்ச்சிக்குத் தரை வேண்டுமென்றால் பிரித்துச் சுருட்டி எடுத்துவிடலாம்.

தரை எதுவா இருந்தா என்ன, பந்து பந்துதானே?

கிரிக்கெட் ஆடியவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: மேட்டிங் விக்கெட்டில் பந்து எப்படி எழும்பி வேகமாக வருமோ அதை முழு மைதானத்துக்கும் விரித்துப் பாருங்கள். இயற்கைப் புல்லில் தரையோடு உருண்டு வரும் அடி, புல்லில் உரசி வேகம் குறைந்து, சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் திசைமாறி வரும். ஆஸ்ட்ரோ டர்ஃபில் வேகம் குறையவே குறையாது. பந்து எறியும் பிட்சரைத் தாண்டியதும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்பவர்) இரண்டாம் பேஸ்காரருக்கும் நடுவே சர்ரென்று போய்விடும், அதனால் இன்ஃபீல்டர்கள் பல அடி பின்னால் தள்ளி நிற்பார்கள். பின்னால் நின்றால் முதல் பேஸுக்கு எறியும் தூரம் கூடும், கை பலம் வேண்டும். அந்த நாள் ஷார்ட்ஸ்டாப்புகள் சிலர் பந்தை வேண்டுமென்றே தரையில் ஒரு குத்து குத்தும்படி எறிவார்கள், அந்தத் தரையில் அது நம்பகமாக எழும்பி முதல் பேஸ்காரரின் கையுறைக்குள் போய் உட்காரும்.

அவுட்ஃபீல்டு இன்னும் மோசம். முன்னால் விழுந்த பந்தைப் பிடிக்க ஓடி வந்தால் அது தலைக்கு மேல் எகிறிச் சுவர் வரை ஓடிவிடும், ஒரு பேஸ் அடி மூன்று பேஸ் ஆகிவிடும். அதே சமயம் ஒரு நன்மையும் இருந்தது, பொய் எழும்பல் கிடையாது. கல் பட்டுப் பந்து முகத்துக்கு வரும் பயம் இல்லாமல் இன்ஃபீல்டர் குனியலாம். நல்ல ஃபீல்டருக்கு அந்தத் தரை மரியாதை கொடுத்தது, சுமாரான ஃபீல்டரைக் காட்டிக்கொடுத்தது என்று பழைய ரசிகர்கள் சொல்வது சரிதான்.

வேகமாக ஓடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஆஸ்ட்ரோஸின் சேசர் செடேனோ 1972 முதல் 1977 வரை ஆறு வருஷமும் வருஷத்துக்கு 50-க்குக் குறையாமல் பேஸ் திருடினார் (பந்து அடிபடும் வரை காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). காலில் வேகம், கையில் பலம், பிட்சிங்கில் கட்டுப்பாடு, இந்த மூன்றையும் வைத்து ஆடும் அணியாக ஆஸ்ட்ரோஸ் வளர்ந்தது அந்தத் தரையில்தான்.

தரை அவ்வளவு வேகம்னா ஸ்கோர் எகிறணுமே, ஆனா அங்க ரன்னே வராதுன்னு சொல்றாங்களே?

நல்ல கேள்வி. முந்தைய பதிலில் சொன்னது தரையோடு போகும் பந்து. ஹோம் ரன் காற்றில் போக வேண்டும், அங்கேதான் அந்த அரங்கம் பேட்டர்களை அழவைத்தது. சுவர்கள் தொலைவில், சென்டர் ஃபீல்டு 400 அடிக்கும் மேல். குளிர்பதனம் செய்த அசையாத காற்றில் பந்து மிதந்து போகவே போகாது. போய்விட்டது என்று எழுந்து நின்ற கூட்டம், சுவருக்கு முன்னால் கேட்ச் ஆனதும் உட்காரும்.

இதற்கு உச்சம் 1979 அணி. 162 ஆட்டங்களில் மொத்த அணியும் சேர்ந்து அடித்தது 49 ஹோம் ரன், அணியிலேயே அதிகம் அடித்த ஹோசே க்ரூஸ் 9. இருந்தும் 89 ஆட்டங்கள் ஜெயித்து, முதலிடத்தை மயிரிழையில் சின்சினாட்டியிடம் விட்டார்கள். ரன் வராத அரங்கத்துக்கு இன்னொரு சாட்சி 1968 ஏப்ரல் 15: நியூயார்க் மெட்ஸுடன் 24 இன்னிங்ஸ், ஆறு மணி நேரத்துக்கும் மேல், நடுநிசி தாண்டி 1-0 என்று முடிந்தது. அந்த ஒரே ரன்னும் அடித்து வந்ததில்லை, மெட்ஸ் ஷார்ட்ஸ்டாப் ஆல் வெய்ஸ் கால்களுக்கு நடுவே ஓடிப்போன தரைப் பந்தில் வந்தது.

ஏசி காற்றை எதிரணிக்கு எதிரா திருப்பி விடுவாங்கன்னு சொல்றது?

தோற்றுப்போன அணிகள் கிளப்பிய சந்தேகம் இது. ஹூஸ்டன் பேட் பண்ணும்போது காற்று வெளியே வீசும், எதிரணி வரும்போது உள்ளே வீசும் என்பார்கள். அப்படி ஒரு வித்தை இருந்திருந்தால் ஹூஸ்டன் 1979-ல் 49 ஹோம் ரன்னோடு நின்றிருக்காது.

விளையாடினவங்களுக்கு அந்தத் தரை பிடிச்சுதா?

பெரும்பாலோருக்குப் பிடிக்கவில்லை. குதிரை தின்னாத புல்லில் நான் ஆட விரும்பவில்லை என்று ஃபிலடெல்ஃபியாவின் டிக் ஆலன் சொன்னதாக இன்றும் சொல்வார்கள். அவர் குதிரைகள் மேல் பைத்தியமானவர். 1965-ல் ஆஸ்ட்ரோடோமில் நடந்த முதல் லீக் ஆட்டத்தில், புல் உயிரோடு இருந்தபோது, ஹோம் ரன் அடித்து ஃபில்லிஸை 2-0 ஜெயிக்கவைத்தவரும் அவர்தான்.

வேடிக்கைப் பேச்சைத் தள்ளிவைத்தால், வலி நிஜமானது. பாய்ந்து விழுந்தால் முழங்கையும் முழங்காலும் தீப்பட்டதுபோல் உரிந்துவிடும். கட்டித் தரையில் வருஷத்துக்கு 81 உள்ளூர் ஆட்டங்கள் ஓடினால் மூட்டுகள் சும்மா இருக்குமா? கால் பெருவிரல் மூட்டில் வரும் காயத்துக்கு 'டர்ஃப் டோ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் ஹூஸ்டன்காரர்கள் தப்பித்தார்கள்: செயின்ட் லூயிஸ் போன்ற திறந்தவெளி அரங்கங்களில் இதே கார்பெட் கோடையில் தோசைக்கல்லாகக் காய்ந்தது, ஆட்டக்காரர்கள் ஐஸ் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டார்கள். டோமுக்குள் அந்தத் தொல்லை இல்லை.

பந்து கூரையில பட்டா என்ன கணக்கு?

அதற்கென்று உள்ளூர் விதி இருந்தது, பந்து ஆட்டத்தில் இருப்பதாகத்தான் கணக்கு. 1974 ஜூன் 10 அன்று ஃபில்லிஸின் மைக் ஷ்மிட் அடித்த பந்து, ஹோம் பிளேட்டிலிருந்து 329 அடி தூரத்தில், 117 அடி உயரத்தில் தொங்கிய ஒலிபெருக்கியில் மோதிச் சென்டர் ஃபீல்டில் விழுந்தது. நிச்சய ஹோம் ரன், ஆனால் அவருக்குக் கிடைத்தது ஒரு பேஸ்தான். பேஸில் இருந்த இரண்டு ஓட்டக்காரர்களும் என்ன நடந்தது என்று புரியாமல் ஆளுக்கு ஒரு பேஸ் மட்டும் நகர்ந்தார்கள்.

இன்னொன்று, 1965 ஏப்ரல் 28 அன்று மெட்ஸ் வர்ணனையாளர் லிண்ட்ஸி நெல்சன் கூரை உச்சியில் தொங்கிய கூண்டில் ஏறி, இரண்டாம் பேஸுக்கு நேர் மேலிருந்து வர்ணனை செய்தார்.

கூரை இருந்தும் மழையால ஆட்டம் நின்னுச்சாமே, எப்படி?

1976 ஜூன் 15. உள்ளே ஒரு சொட்டு இல்லை, வெளியே ஹூஸ்டன் தெருக்கள் வெள்ளக்காடு. இரண்டு அணிகளும் முன்னாடியே வந்துவிட்டன, அம்பயர்கள் வர முடியவில்லை, ரசிகர்களும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். பிட்ஸ்பர்க் பைரேட்ஸுடனான ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, ஆடுகளத்திலேயே மேஜை போட்டு எல்லோரும் சாப்பிட்டார்கள். நிஜப் புல்லாக இருந்திருந்தால் மேஜை போட யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.

மாடு, குதிரை, பாட்டுக் கச்சேரி, ஃபுட்பால் எல்லாம் அதே தரையிலா?

அதே இடம், தரை மாறிக்கொண்டே இருக்கும். கௌபாய் விளையாட்டுத் திருவிழாவான ஹூஸ்டன் ரோடியோ 1966 முதல் 2002 வரை அங்கே நடந்தது. அதற்கு லாரி லாரியாக மண் கொட்டுவார்கள், காளை மேல் சவாரி நடக்கும், இரவில் கச்சேரி. எல்விஸ் அங்கே பாடியிருக்கிறார், 1995 பிப்ரவரியில் பாடகி செலீனா பாடியபோது 60,000 பேருக்கு மேல் கூட்டம். 1968-ல் கூடைப்பந்துக்காக லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மரத்தளம் கொண்டுவந்து நடுவில் போட்டார்கள், 52,693 பேர் பார்க்க ஹூஸ்டன் பல்கலைக்கழகம் யுசிஎல்ஏ-வை (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 71-69 என்று ஜெயித்தது. 1992-ல் குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு, ஆஸ்ட்ரோஸ் தொடர்ந்து 26 ஆட்டங்கள் வெளியூரிலேயே ஆட வேண்டியதாயிற்று.

இத்தனை முறை சுருட்டி விரித்தால் விரிப்பு எப்படிச் சமமாக இருக்கும்? இணைப்புகள் தூக்கிக்கொள்ளும். 1995 ஆகஸ்டில் ஹூஸ்டனின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான ஆய்லர்ஸ் சான் டியேகோவுடன் ஆட இருந்த ஒரு சீசனுக்கு முந்தைய ஆட்டத்தை, தரை ஆபத்தாக இருக்கிறது என்று ரத்து செய்தார்கள். என்னைக் கேட்டால் கார்பெட்டின் மேல் வந்த கெட்ட பெயரில் பாதி பராமரிப்பினால் வந்தது.

பழைய ரசிகர்கள் எதை நினைச்சு இப்படி ஏங்குறாங்க?

ஒவ்வொருவருக்கும் ஒன்று. நிறையப் பேர் சொல்வது வாசலில் நுழையும் அந்த நொடி: வெளியே வெயிலில் வெந்து வந்தவர் மேல் குளிர்காற்று அடிக்க, கீழே அந்தக் கண்ணைப் பறிக்கும் பச்சை. நிஜப் புல்லில் பார்க்கவே முடியாத பச்சை அது. சுற்றிலும் அடுக்குக்கு அடுக்கு வேறு வேறு நிறத்தில் நாற்காலிகள். ஹோசே க்ரூஸ் பேட் பண்ண வரும்போது அறிவிப்பாளர் ஜே. ஃப்ரெட் டக்கெட் 'க்ரூ...ஸ்' என்று இழுக்க, மொத்த அரங்கமும் சேர்ந்து இழுக்கும், கூரைக்குள் அந்தச் சத்தம் சுற்றிச் சுற்றி வரும்.

அப்புறம் ஸ்கோர்போர்டு. 474 அடி நீளம். ஆஸ்ட்ரோஸ் ஹோம் ரன் அடித்தால் முக்கால் நிமிஷத்துக்கு விளக்குகளாலேயே காளை மூக்கால் புகை விடும், கௌபாய்கள் துப்பாக்கி சுடுவார்கள், வாணவேடிக்கை நடக்கும். ஹோம் ரன் அபூர்வம் என்பதால் அதைப் பார்த்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஆய்லர்ஸ் உரிமையாளர் பட் ஆடம்ஸ் கூடுதல் இருக்கைகள் கேட்டதற்காக 1988-ல் அதை இடித்து எடுத்தார்கள். அதற்குப் பிறகும் சில வருஷங்களில் ஆய்லர்ஸ் ஊரைவிட்டே டென்னசிக்குப் போய்விட்டது. ஹூஸ்டன் ரசிகர்களிடம் இந்த விஷயத்தைப் பேசினால் இன்றைக்கும் கோபம் வரும், எனக்கும் வருகிறது.

பிளாஸ்டிக் புல் பேஸ்பாலையே கெடுத்துடுச்சுன்னு சொல்றவங்களுக்கு என்ன பதில்?

திறந்தவெளியில், வெயிலும் மழையும் தாராளமாக இருந்த ஊர்களில், செலவு குறையும் என்று புல்லுக்குப் பதில் இதை விரித்தார்களே, அது தேவையில்லாத வேலை, அங்கே நானும் அவர்கள் கட்சிதான். பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, ஃபிலடெல்ஃபியா எல்லாம் 1970-களில் அப்படித்தான் ஆயின. ஆனால் ஹூஸ்டனில் வேறு வழியே இல்லை. அந்தக் கார்பெட் வரவில்லையென்றால் அரங்கத்தை மூடியிருக்க வேண்டும். கூடவே அது ஒரு ஆட்ட முறையை உருவாக்கியது: சுவரைத் தாண்டி அடிப்பதை மட்டும் நம்பாமல், ஓடி, திருடி, பாய்ந்து பிடித்து ஜெயிப்பது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் போய் அது பேஸ்பாலே இல்லை என்று சொல்வது அநியாயம்.

2000-ல் ஆஸ்ட்ரோஸ் நகர மையத்தில் புது அரங்கத்துக்குப் போனபோது கூரை திறந்து மூடும் வசதி வந்துவிட்டது, தரையில் மறுபடி நிஜப் புல். 1965-ல் தீர்க்க முடியாமல் தவித்த வெளிச்சக் கணக்கு அப்படித்தான் தீர்ந்தது.

இப்போ உள்ளே போய் பார்க்கலாமா? அந்தக் கார்பெட் ஒரு துண்டு கிடைக்குமா?

கட்டடம் நிற்கிறது, உள்ளே விடுவதில்லை. ஆஸ்ட்ரோஸ் கடைசியாக அங்கே ஆடியது 1999 அக்டோபர் 9, அட்லாண்டாவிடம் பிளேஆஃபில் (சீசன் முடிந்த பின் நடக்கும் இறுதிக்கட்டச் சுற்று) 7-5 தோல்வி. 2005-ல் கத்ரீனா புயலில் லூசியானாவிலிருந்து வந்த ஆயிரக்கணக்கானோருக்கு அது புகலிடமாக இருந்தது, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில வருஷங்களில் பாதுகாப்பு விதிமீறல்களைக் காட்டி மூடிவிட்டார்கள். 2013 நவம்பரில் 21.7 கோடி டாலரில் புதுப்பிக்கும் திட்டத்தை மக்கள் வாக்களித்துத் தோற்கடித்தார்கள். 2014-ல் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது, 2017-ல் மாநிலமும் பாதுகாப்பு கொடுத்தது, அதனால் சுலபமாக இடிக்க முடியாது.

2013-ல் நாற்காலிகளையும் சதுரம் சதுரமாக வெட்டிய கார்பெட் துண்டுகளையும் விற்றபோது வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆனால் அப்படி விற்றது கடைசிக் காலத்து விரிப்பு. 1966-ல் விரித்த முதல் கார்பெட் என்று யாராவது விற்றால், விரிப்பைப் பலமுறை மாற்றியிருக்கிறார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு தகுந்த ஆதாரம் கேளுங்கள்.

எனக்கு ஒரே ஒரு பழைய ஆட்டம் பார்க்க நேரம் இருக்கு. எதைப் பார்க்கட்டும்?

ஆஸ்ட்ரோஸ் பிட்சர் நோலன் ரயன் 1981 செப்டம்பர் 26-ல் டாட்ஜர்ஸை ஒரு ஹிட்கூட அடிக்கவிடாமல் தன் ஐந்தாவது நோ-ஹிட்டரை எறிந்தது பெரிய நாள்தான். ஆனால் தரையையும் கட்டடத்தையும் கூட்டத்தையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் 1986 அக்டோபர் 15, நேஷனல் லீக் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். மெட்ஸுக்கு எதிராக 3-0 முன்னிலையோடு ஒன்பதாவது இன்னிங்ஸுக்குப் போனது ஆஸ்ட்ரோஸ். மெட்ஸின் லென்னி டைக்ஸ்ட்ரா சென்டர் ஃபீல்டுக்கு அடித்து மூன்றாம் பேஸ் வரை ஓட, அந்த இன்னிங்ஸிலேயே சமநிலை.

14-வது இன்னிங்ஸில் மெட்ஸ் முந்த, ஆஸ்ட்ரோஸின் பில்லி ஹேட்சர் இடது ஃபவுல் கம்பத்தில் (ஆடுகள எல்லைக்கோட்டைக் காட்டும் கம்பம்) அடித்த ஹோம் ரன்னால் மறுபடி சமன். 16-வதில் மெட்ஸ் மூன்று ரன் எடுத்தது, ஆஸ்ட்ரோஸ் இரண்டைத் திருப்பி எடுத்து 7-6 வரை வந்து, ஓட்டக்காரர்கள் பேஸில் நிற்க, கெவின் பாஸ் ஸ்ட்ரைக் அவுட் ஆனதும் முடிந்தது. பார்க்கும்போது இன்ஃபீல்டர்கள் எவ்வளவு பின்னால் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள், மேலே சொன்னதெல்லாம் கண்ணால் தெரியும். அன்றைக்கு ஜெயித்திருந்தால் ஏழாவது ஆட்டத்தில் ஆஸ்ட்ரோஸின் மைக் ஸ்காட் எறிந்திருப்பார், அந்தத் தொடரில் மெட்ஸை இரண்டு முறை கட்டிப்போட்டவர். ஹூஸ்டனில் இது தெரிந்தவர்கள் யாரிடம் கேட்டாலும் உலகத் தொடருக்கு (சாம்பியனை முடிவுசெய்யும் வேர்ல்ட் சீரிஸ்) நாங்கள்தான் போயிருப்போம் என்றுதான் சொல்வார்கள், நானும் அதைத்தான் சொல்வேன்.